அப்பாவின் தேக்குத் தோப்புக்கு இருபது ஆண்டு ஒப்பந்தம்: கையெழுத்திடலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

யீஷூனில் வசிக்கும் 54 வயது வாசகி எழுதியிருக்கிறார். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருக்கிறார். அவருடைய அப்பா இங்கே வேலை பார்த்துவிட்டு இந்தியக் குடிமகனாகவே ஊர் திரும்பி, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மலையடிவாரத்தில் 14 ஏக்கர் வாங்கினார். அதில் 6 ஏக்கரில் 2005-இல் மூன்று மீட்டர் இடைவெளியில் தேக்கு நட்டார். இன்று ஏறத்தாழ 2,400 மரங்கள் நிற்கின்றன. மீதி 8 ஏக்கர் தானாக வளர்ந்த காடு. வேம்பும் வாகையும், அவற்றுக்கு நடுவே உண்ணிச்செடிப் புதரும். அப்பா உயில் எழுதாமல் காலமானார். அம்மாவும் இல்லை. இவர், திருச்சியில் இருக்கும் தங்கை, ஜொகூரில் குடியேறி மலேசியக் குடிமகனாகிவிட்ட தம்பி என வாரிசுகள் மூவர். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. சித்தப்பா மகன் சம்பளம் எதுவும் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்.

வனப் பராமரிப்பு நிறுவனம் ஒன்று 20 ஆண்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், வெட்டும் தேக்கில் உரிமையாளருக்கு 30 விழுக்காடு, கார்பன் கிரெடிட் (மரங்கள் உறிஞ்சும் கரிமத்தைக் கணக்கிட்டு விற்கும் சான்று) வந்தால் அது முழுவதும் நிறுவனத்துக்கு. இவற்றோடு, திரும்பப் பெற முடியாத பவர் பத்திரம் (நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) ஒன்றும் கேட்கிறார்கள். வாசகி எழுதுகிறார்: “வருடத்துக்கு ஒருமுறை போய் நின்று பார்க்கிறேன். எந்த மரத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் காடாவது பிழைக்கும். நம் பட்டா நிலம்தானே, அனுமதி எதுவும் வேண்டாம் என்கிறார்கள். தங்கையிடம் அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டு நானே கையெழுத்திட்டால் வேலை சுலபமாகிவிடும். சித்தப்பா மகன்தான், காட்டை அந்நியனிடம் கொடுத்தால் திரும்பி வராது என்று பிடிவாதமாக இருக்கிறார். செய்யலாமா?”

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்குப் பணம் இரண்டாம்பட்சம், காடு வீணாகக் கூடாது என்பதே கவலை. தூரத்தில் இருந்துகொண்டு மரம் வைத்திருக்கும் பலரின் மனநிலை இதுதான். பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்வு இருக்கும்போது, ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வார்த்தைக்கே மனம் இளகிவிடும். உங்கள் சித்தப்பா மகனின் அச்சமும் இதே போல இயல்பானது. கூலி கொடுத்து வேலை வாங்குவது ஒன்று, உரிமையைக் கைமாற்றுவது வேறொன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதி நீட்டுவதால்தான் உங்களுக்கு அது உதவியாகவும் அவருக்கு அபகரிப்பாகவும் தெரிகிறது. என் ஆலோசனை: பராமரிப்புக்கு ஆள் வையுங்கள், அதற்குப் பணமும் கொடுங்கள். இந்த ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

காடு வைத்திருப்பவர் பணம் கொடுத்துப் பராமரிப்பு வாங்குவது புதிய வழக்கம் அல்ல. ஃபின்லாந்தில் காட்டின் பெரும்பகுதி குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்களில் பலர் நகரவாசிகள். அவர்களுக்காக வேலை செய்ய வனப் பராமரிப்புச் சங்கங்கள் இருக்கின்றன. முன்பு அதற்கான கட்டணத்தை உரிமையாளர்கள் சட்டப்படி கட்டியே ஆக வேண்டும். 2015 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. வேண்டியவர் சேர்ந்து, வேண்டிய வேலைக்குக் காசு கொடுக்கிறார். மரத்தை விற்பதா வேண்டாமா என்ற முடிவு உரிமையாளரிடமே இருக்கிறது. உங்களுக்கு வந்திருக்கும் தாளில் அந்த முடிவு நிறுவனத்திடம் போகிறது.

12,000 ரூபாய் யாருடைய பணம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 14 ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,68,000 ரூபாய், 20 ஆண்டுக்கு 33,60,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. இனி மரத்துக்கு வாருங்கள். நடுச்சுற்றளவு 60 சென்டிமீட்டர், நீளம் 4 மீட்டர் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மர வியாபாரத்தில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 15 சென்டிமீட்டரை 15 சென்டிமீட்டரால் பெருக்கி 4 மீட்டரால் பெருக்கினால் 0.09 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 3.18 கன அடி. மரத்துக்கு இப்படி ஒரு கட்டை என்று வைத்தால் 2,400 மரத்துக்குக் கிட்டத்தட்ட 7,600 கன அடி. கன அடி 800 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பகுதி மரவாடிகளில் விசாரித்து உண்மையான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). மொத்தம் 60,80,000 ரூபாய். அதில் உங்களுக்கு 30 விழுக்காடு 18,24,000 ரூபாய். நிறுவனத்துக்கு 42,56,000 ரூபாய்.

ஒப்பந்தத்தில் எந்த ஆண்டு வெட்டலாம் என்ற வரியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாம் ஆண்டிலேயே வெட்டலாம். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி போக மிஞ்சும் தொகையைக் கொண்டே உங்களுக்கு இருபது ஆண்டு வாடகையின் பெரும்பகுதியைக் கட்டிவிட முடியும். நட்டவர் உங்கள் அப்பா. இருபது ஆண்டு காத்தவர்கள் அவரும் உங்கள் சித்தப்பா மகனும். நிறுவனம் ஒரு கன்றுகூட வைக்கவில்லை. 70 விழுக்காடு பங்கு என்பது வெறும் நிலத்தில் தன் செலவில் நட்டு வளர்ப்பவர் கேட்கக்கூடிய பங்கு. வளர்ந்து நிற்கும் தோப்புக்கு அதைக் கேட்பது நியாயமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாலால் வகுக்கும் அந்த அளவு முறை, கட்டையின் உண்மையான கன அளவில் 78.5 விழுக்காட்டையே காட்டும். மேலே சொன்ன கட்டையில் உண்மையில் இருப்பது 4.05 கன அடி. வியாபாரத்தில் இது வழக்கம், விலையும் அதற்கேற்பவே பேசப்படும், தவறில்லை. ஆனால் விலையை ஒரு முறையில் பேசி, பங்கை வேறொரு முறையில் அளந்தால் உங்களுக்கு நட்டம் வரும். எந்த முறையில் அளப்பது, பட்டையோடா பட்டை நீக்கியா, யார் முன்னிலையில் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். உங்களுக்கு வந்த வரைவில் ‘நிறுவனத்தின் அளவே இறுதியானது’ என்று இருக்கிறது.

வெட்டிய தேக்கின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர் கிளம்பும். அதில் நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கழித்தால் அடுத்த மரம் தயார். அந்த மறுதழைவு யாருக்கு? வரைவு பேசவில்லை. காலம் 20 ஆண்டு என்பதால் அதையும் அவர்களே எடுக்க இடமிருக்கிறது.

“பட்டா நிலம்தானே” என்ற நம்பிக்கை

பட்டா உரிமையைக் காட்டும், வெட்டும் அனுமதியைத் தராது. உங்கள் நிலத்தில் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

நட்ட தேக்கைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. ஆனாலும் வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகத் தமிழ்நாட்டில் வனத்துறையின் போக்குவரத்து அனுமதி வேண்டும். 1968-ஆம் ஆண்டு விதிகள் இதற்காகவே இருக்கின்றன. அனுமதிக்குப் போகும்போது, மரம் இந்தப் புல எண்ணில் நட்டு வளர்த்தது என்று காட்ட வேண்டியிருக்கும். அதனால் தேக்கின் எண்ணிக்கையும் வயதும் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று காட்டும் கிராமப் பதிவேடு) ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஏறவில்லை என்றால் இப்போதே எழுதிக் கொடுத்துப் பதிய வையுங்கள். வெட்டுகிற வருடத்தில் போய் நின்றால், பக்கத்தில் இருக்கும் அரசுக் காட்டு மரமோ என்ற சந்தேகம் வரும், வண்டி நிற்கும், மரம் வெயிலில் வெடிக்கும்.

எட்டு ஏக்கர் இயற்கைக் காடுதான் கவனமாகத் தொட வேண்டிய பகுதி. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-இன் கீழ் அறிவிக்கப்பட்ட காடாக அது இருந்தால், மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மரமும் வெட்டக் கூடாது. கிராமம் மலைப்பகுதிப் பட்டியலில் இருந்தால் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மேல், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில், யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான் என்ற அடிப்படையில் உத்தரவிட்டது. ஆகவே புல எண்ணைக் குறிப்பிட்டு, இந்த நிலம் மேற்படி சட்டங்களின் கீழ் வருகிறதா என்று மாவட்ட வன அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சட்டத்தை மீறிய வெட்டு நடந்தால் முதல் நோட்டீஸ் நில உரிமையாளருக்குத்தான் வரும். நிறுவனத்தின் வாய்ச்சொல் அங்கே உதவாது.

தங்கையின் விடுதலைப் பத்திரம் வேண்டாம்

இதைத் திருத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியாவில் விவசாய நிலத்தை வைத்திருக்கவே முடியாது என்று சிலர் பயமுறுத்தியிருக்கலாம். அது தவறு. இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த நிலத்தை நீங்களும் உங்கள் தம்பியும் வைத்திருக்கலாம். அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(5) பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் விவசாய நிலத்தையோ தோட்ட நிலத்தையோ ஓசிஐ அட்டைதாரர் விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. தங்கை தன் பங்கை உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் அது இந்தத் தடையில் போய் முட்டும். எதிர்த்திசை பரவாயில்லை: நீங்கள் இருவரும் இந்தியாவில் வசிக்கும் தங்கைக்கு எழுதிக் கொடுக்கலாம்.

எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாரிசுச் சான்றிதழை வைத்து மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். இறந்தவர் பெயரில் பட்டா இருக்கும்வரை அடங்கல் திருத்தம், வனத்துறை அனுமதி, நில அளவை என எதற்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மூவரில் ஒருவர் மட்டும் போடும் ஒப்பந்தம் மற்ற இருவர் பங்கைக் கட்டுப்படுத்தாது, தகராறுக்கு மட்டும் வழி வைக்கும்.

பவர் பத்திரம்

வரைவில் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். ஒப்பந்தத்தை நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, பதிவு வேண்டாம் என்கிறார்கள். பவர் பத்திரத்தை மட்டும் பதிவு செய்யச் சொல்கிறார்கள். நிறுவனம் உங்களுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் பதிவாகாத தாளில் இருக்கிறது, நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுப்பது எல்லாம் பதிவாகும் பத்திரத்தில் இருக்கிறது.

பல ஆண்டுகள் நிலத்துக்குள் வந்து மரம் வெட்டிப்போகும் உரிமை அசையாச் சொத்தில் ஓர் உரிமை, அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1958-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ‘வெறும் அக்ரிமென்ட், பாதுகாப்பு’ என்று நீங்கள் நினைக்கும் அந்தத் தாள் உங்களுக்கே உதவாமல் போகலாம்.

பவரை ஏன் ‘திரும்பப் பெற முடியாது’ என்று எழுதுகிறார்கள்? சாதாரணமாக, பவர் கொடுத்தவர் நினைத்தால் ரத்து செய்யலாம். அவர் இறந்தால் அதுவாகவே முடிந்துவிடும். ஆனால் பவர் பெற்றவருக்கு அந்தச் சொத்திலேயே ஒரு நலன் இருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு அந்த ரத்தைத் தடுக்கிறது. 70 விழுக்காட்டு மரப் பங்கும் முன்பணமும் சேர்ந்தால், எங்களுக்கு நலன் இருக்கிறது என்று வாதிட அவர்களுக்குப் பிடி கிடைத்துவிடும். பவரை வைத்து நிலம் அவர்கள் பெயருக்கு மாறிவிடாது. 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. ஆனால் வில்லங்கச் சான்றில் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) அந்தப் பதிவு உட்கார்ந்திருக்கும்வரை வேறு யாரும் உங்கள் நிலத்தைத் தொட யோசிப்பார்கள்.

பவரே தேவைப்பட்டால் தங்கைக்குக் கொடுங்கள். பட்டா மாற்றம், அலுவலக விண்ணப்பம், வேலை மேற்பார்வை என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதிய தனிப் பவர் போதும். விற்கும், அடமானம் வைக்கும் அதிகாரம் அதில் வேண்டாம். இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் (பத்திரத்தை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் சான்றொப்பம்) பெற்று அனுப்பலாம். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். பலர் அதை அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறார்கள்.

கார்பன் பணம்

‘சிங்கப்பூர் நிறுவனங்களுக்குக் கரிம வரி இருக்கிறது, அவர்கள் வாங்கியே ஆக வேண்டும்’ என்று சொன்னார்களாம். வரி இருப்பது உண்மை. 2024-இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026-இலிருந்து 45 வெள்ளி. ஆனால் வரிக்கு ஈடாக வெளிநாட்டு கிரெடிட்டைக் காட்டக்கூடியது வரிக்குரிய உமிழ்வில் 5 விழுக்காடு வரைதான். அதுவும் சிங்கப்பூர் இதற்கென உடன்பாடு செய்துகொண்ட பாப்புவா நியூ கினி, கானா, பூட்டான் போன்ற நாடுகளிலிருந்து, தகுதிப் பட்டியலில் உள்ள திட்டங்களாக இருந்தால் மட்டும். தவிர, 2005-இல் நட்டு ஏற்கெனவே நிற்கும் மரத்தை இனிமேல் நடக்கப்போகும் கூடுதல் வளர்ப்பு என்று காட்டுவது கடினம். 14 ஏக்கருக்குத் தனியாகத் தணிக்கைச் செலவு செய்து கட்டுப்படியாகாது. ஒப்பந்தத்தில் ‘தீயாலோ திருட்டாலோ மரம் குறைந்தால் இழப்பு உரிமையாளருடையது’ என்று ஒரு வரி இருக்கிறது. வரவு அவர்களுக்கு, பொறுப்பு உங்களுக்கு. அந்தப் பிரிவை முழுவதும் நீக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும், இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு 24-ஆவது மரத்திலும் நிற்கச் சொல்லுங்கள். 2,400-க்கு அது 100 மரம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி, அடிப்பகுதி சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்தில் நின்று அளந்து, சுற்றளவைக் குறிக்க வேண்டும். கூடவே நேராகப் போகும் உயரம் எவ்வளவு, கவை பிரிந்ததா, அடியில் பொந்தோ தீக்காயமோ உண்டா என்று ஒரு வரி. அளந்த மரத்தில் பெயின்டால் எண் போடுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் எந்த வியாபாரியோடும், இந்த நிறுவனத்தோடும்கூட, தைரியமாகப் பேசலாம்.

மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டு ஒருமுறைகூட இடைமரம் எடுக்கவில்லை என்கிறீர்கள். இருபது வயதில் அது நெருக்கம். உச்சியில் இலைகள் முட்டிக்கொள்ளும், மரங்கள் உயரம் போகும், பருக்காது. ஏக்கருக்கு 400 நிற்கும் இடத்தில் மூன்றில் ஒன்றை எடுத்து 270 அளவுக்குக் கொண்டுவந்தால் மிச்சமுள்ளவை தேறும். வெட்ட வேண்டியவை நிழலில் அமுங்கியவை, கோணல், கவை விழுந்தவை. நேரான பருத்த மரம் நிற்க வேண்டும். வியாபாரி தலைகீழாகக் கேட்பார். நல்லதை எடுத்துக்கொண்டு மோசத்தை விட்டுப்போக விரும்புவார். ஆகவே மரத்தைக் குறிக்கும் ஆளும் வாங்கும் ஆளும் ஒருவராக இருக்கவே கூடாது. ஓய்வுபெற்ற வனவர் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

பராமரிப்புக்கு மூன்று ஆண்டுப் பணி ஒப்பந்தம் போதும். 90 நாள் முன்னறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம் என்று எழுதுங்கள். நிலத்திலோ மரத்திலோ எந்த உரிமையும் இதனால் உண்டாகாது என்ற வரி கட்டாயம் வேண்டும். அதற்குள் வேலைப் பட்டியல்: தேக்கு இலை உதிர்த்து முடிக்கும் தை மாதத்துக்குள் எல்லையைச் சுற்றி நான்கு மீட்டர் அகலத்துக்குச் சருகையும் புல்லையும் அகற்றித் தீத்தடுப்புப் பாதை, எல்லைக்கல் சரிபார்ப்பு, உண்ணிச்செடியைக் காய்க்கும் முன் வேரோடு எடுப்பது (வெறுமனே வெட்டினால் மறுபடி தழைக்கும்), கோடையில் காவல். அந்தந்த வேலை முடிந்ததைப் படத்தோடு காட்டிய பின் பராமரிப்புக் கூலியில் 70 விழுக்காடு, மீதி கோடை கடந்து தீ இல்லாமல் தப்பிய பிறகு. மரம் வெட்டுவது இந்த ஒப்பந்தத்துக்குள் வரவே கூடாது. அது தனி விற்பனை: எண் போட்ட மரப் பட்டியலில் மூவர் கையெழுத்து, குறைந்தது மூன்று வியாபாரிகளின் மூடிய விலை, இரு தரப்பும் சேர்ந்து அளப்பது, வண்டி நகரும் முன் முழுப் பணம், போக்குவரத்து அனுமதி உங்கள் பெயரில்.

வருமானம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக அங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும். இந்திய, சிங்கப்பூர் வரி உடன்பாட்டின்படி காட்டு வருமானத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம். இங்கே கொண்டுவந்தால் தனிநபருக்கு அந்தப் பணத்தின் மேல் பொதுவாகச் சிங்கப்பூரில் வரி இல்லை. இன்னொரு நுணுக்கம்: உழுது நட்டு வளர்த்த மரத்தின் வருமானம் விவசாய வருமானமாகலாம், தானாக வளர்ந்த காட்டின் வருமானம் ஆகாது என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. அதனால் ஆறு ஏக்கர் கணக்கையும் எட்டு ஏக்கர் கணக்கையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நடவுச் செலவு ரசீது அப்பாவின் பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, உங்கள் சித்தப்பா மகன். அவரை ஒப்பந்தத்துக்குத் தடையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலமாகத் தெரிகிறார். இத்தனை காலம் அவர் செய்தது வேலை, அதற்குக் கூலி கிடையாது என்பதுதான் குறை. மாதச் சம்பளம் ஒன்று பேசி எழுத்தில் கொடுங்கள். விறகும் ஆட்டுத் தீவனமும் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சொல்லாமல் விட்ட உரிமைகள்தான் பத்து வருடம் கழித்து வழக்காக வருகின்றன.

நிறுவனத்துக்கு இப்போது இரண்டு வரி எழுதினால் போதும்: பட்டா மாற்றம் முடியும்வரை எந்த ஆவணத்திலும் கையெழுத்திட இயலாது, பராமரிப்பு வேலைக்கு மட்டும் விலைப்பட்டியல் இருந்தால் அனுப்பவும். முன்பணம் ஏதும் வந்திருந்தால் அதே வங்கி வழியாகத் திருப்பி அனுப்பி, அதற்கான சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.